விட்டுப்போன டிக்குகள்

விண்டோஸுக்குள்ளே லினக்ஸ் ஓட்டி, ரெண்டும் வேற வேற மணி காட்டுறதைப் பார்த்திருக்கீங்களா? என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அதில்தான் மாட்டிக்கொண்டது.

நான் எழுதுவது ஒரு குட்டி பிசி எமுலேட்டர். பழைய பிசியில் 8254 டைமர் சிப், நொடிக்கு 1193182 துடிப்பு எண்ணும். 11932 துடிப்புக்கு ஒரு இன்டரப்ட் என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 100 டிக். உள்ளே ஓடும் ஓஎஸ் 100 டிக் வந்தால் ஒரு நொடி ஆச்சுன்னு நம்பும். எமுலேட்டரில் அந்த சிப் வேலையை என் கோட்தான் பார்க்கணும். லேப்டாப் வேறு வேலையில் மூழ்கினால் டிக் விட்டுப்போகும், உள்ளே மணி பின்தங்கும்.

சரி, விட்டதை எல்லாம் கணக்கு வைத்து மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று எழுதினேன்.

பங்குனித் திருவிழாவுக்கு நார்த்தாமலை வந்தேன். எமுலேட்டரை ஓடவிட்டபடியே லேப்டாப்பை மூடிவிட்டு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் 3,60,000 டிக் வரிசையில் நிற்குது. உள்ளே இருந்த ஓஎஸ் டிக் வாங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. எந்த கீ தட்டினாலும் பதில் இல்லை. அடுத்த வாரம் ரிவ்யூ!

அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. காலையில் அப்பத்தாவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கச் சொல்லிவிட்டு அம்மா போயிருந்தார். மறந்தே போச்சு. பதறிப்போய் ராத்திரி மாத்திரையோடு அதையும் சேர்த்து நீட்டினேன்.

அப்பத்தா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். "விட்டது விட்டதுதான்யா. சேத்து முழுங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு. இப்ப உள்ளத மட்டும் குடு."

நான் செய்த தப்பு ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். மறந்ததை ஒரே வாயில் ஊட்டி, மறக்கவே இல்லாத மாதிரி காட்டப் பார்த்தேன்.

ஆனா டிக் முழுக்க மாத்திரை மாதிரி இல்லை. நாலைந்து டிக்கையும் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் மணி பின்தங்கிக்கொண்டேதான் போகும். கியூஎமுவில் 'டிரிஃப்ட்ஃபிக்ஸ்=ஸ்லூ' என்றொரு ஆப்ஷன் உண்டு: விட்ட டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஈடுகட்டும். நானும் மாற்றினேன். சின்ன இடைவெளி என்றால் டிக்கைச் சற்று வேகமாகக் கொடுப்பேன். பெரிய இடைவெளி என்றால் விட்டதை விட்டுவிட்டு, சரியான மணியை நேராக வாங்கிக்கொள்ள வைப்பேன்.

இப்போ லேப்டாப்பை மூடித் திறந்தாலும் ஓஎஸ் மூச்சுவிடுது. போனில் காலை எட்டு மணிக்கு ஒரு அலாரமும் வைத்திருக்கிறேன். அது அம்மாவுக்கு போன் போட்டு, "அப்பத்தா மாத்திரை போட்டாச்சா?"ன்னு கேட்க.