நிற்கத் தெரிந்த இயந்திரம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் கணக்குகளோடே என் காலம் போயிற்று. இன்று தொழிலைக் கையில் எடுத்திருக்கும் பிள்ளைகள் வந்து, "ஐயா, ஆபீஸ் வேலையெல்லாம் ஆட்டோமேட் பண்ணலாம்னு இருக்கோமுங்க. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாமுங்க?" என்று கேட்கிறார்கள். "தப்பு எந்த இடத்துல உள்ளே நுழையுதுன்னு பார்த்துட்டு வா கண்ணு, அப்புறம் சாஃப்ட்வேர் பேசலாம்" என்பேன்.

1980களில் அமெரிக்காவின் ஃபோர்டு கார் கம்பெனியில், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு அதை 400 ஆக்கத் திட்டமிட்டார்கள். அப்போதுதான் ஜப்பானின் மஸ்தா கார் கம்பெனி அதே வேலையை 5 பேரை வைத்து நடத்துவது தெரிந்தது. மஸ்தா சிறிய கம்பெனிதான். அதைக் கழித்துப் பார்த்தாலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஃபோர்டு ஆட்களின் பொழுது, பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில் மூன்றையும் ஒத்துப் பார்ப்பதிலும், ஒத்துவராததைத் துரத்துவதிலும் கரைந்தது. அந்தத் துரத்தலை வேகமாக்க ஒரு மென்பொருள் வாங்கியிருக்கலாம். அவர்களோ சரக்கு இறங்கும் இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். ஆர்டரோடு பொருந்தினால் சரக்கு உள்ளே வரும். இல்லையென்றால் திரும்பிப் போகும். பில்லே தேவையில்லாமல் போய், ஆட்களும் முக்கால்வாசி குறைந்தார்கள். நிர்வாகவியல் நிபுணர் மைக்கேல் ஹாமர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் இதை விரிவாக எழுதினார். ஆள் குறைந்ததை நான் கொண்டாடவில்லை. மிச்சமாகும் ஆட்களுக்கு வேறு நல்ல வேலை தருவது முதலாளியின் கடமை.

தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கதை எளிதாகப் புரியும். ஜப்பானின் சகிச்சி டொயோடா 1924இல் செய்த தானியங்கித் தறி, பாவு நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அறுந்த நூலோடு ஓடும் தறி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு பழுதுத் துணி சேரும். தானே நிற்பதால்தான் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929இல் இங்கிலாந்தின் நெசவு இயந்திரக் கம்பெனியான பிளாட் பிரதர்ஸ் அந்தத் தறியின் காப்புரிமைக்குப் பணம் கொடுத்தது.

நம் ஆபீசுக்கு வருவோம். அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிவான பில்லை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். பிறகு பெரும்பாலும் கிரெடிட் நோட்டுதான் வழி. எனவே விவரத்தைக் கணக்கு மென்பொருளிலிருந்து நேராக அனுப்புங்கள், மறுபடி டைப் அடிக்க வேண்டாம். ஆனால் கடைசி பட்டனை ஒருவர் பார்த்து அழுத்தட்டும். பாக்கி நினைவூட்டும் குறுஞ்செய்தியில் அத்தனை கவலை வேண்டாம். தப்பானால் ஒரு போன் பேசினால் தீரும்.

இரண்டு மென்பொருள்கள் நேராகப் பேசிக்கொள்ள வழியிருந்தால் அதுவே முதல் தேர்வு. திரையில் மனிதரைப் போல கிளிக் செய்யும் 'பாட்', போர்ட்டலின் அமைப்பு மாறினால் தடுமாறும். வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும் அது. பில்லைப் படிக்கும் ஏஐ நன்றாகவே படிக்கிறது. ஆனால் 3ஐ 8 என்று படித்தாலும் அதற்குத் தயக்கம் இருக்காது. அது படித்த தொகையை ஆர்டரோடு ஒப்பிட்டு, பொருந்தாததை நிறுத்தி வைக்கும் விதி இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

அந்த நிறுத்தும் விதியை யார் சொல்வது? சாயப்பட்டறைக்குப் போன துணி எடை குறைந்துதான் திரும்பும். எத்தனை சதவீதம் வரை ஏற்கலாம் என்பது துணிக்குத் துணி, நிறத்துக்கு நிறம் மாறும். அந்தக் கணக்கு பெரும்பாலும் முதலாளிக்குத் தெரியாது, மென்பொருள் விற்க வருபவருக்கும் தெரியாது. குடோனில் சரக்கு வரவை (இன்வேர்டு) பதிவு போடுகிறவருக்குத் தெரியும். டெமோ காட்ட வரும் நாளில் அவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். எந்த எடையில் கம்ப்யூட்டர் நின்று தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லட்டும். அதை எழுதி ஒப்பந்தத்தோடு சேர்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.