மொம்பாசாவில் பார்த்த பீரங்கி

என் கடைக்குட்டி படு வாலு. "சரியான எம்டன்டா நீ!" என்று தினமும் பத்து தடவையாவது திட்டுவேன். அந்த எம்டனுக்குப் பங்காளி ஒன்றைக் கென்யாவில் நேரிலேயே பார்ப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை!

மொம்பாசாவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே கடலோரமாக 'ஃபோர்ட் ஜீசஸ்' என்று ஒரு கோட்டை. 1593ல் போர்த்துகீசியர் கட்ட ஆரம்பித்தது. இப்போது மியூசியம்.

"அண்ணி, இது கோனிக்ஸ்பெர்க்ங்கிற ஜெர்மன் கப்பலோட பீரங்கி. எம்டன்லயும் இதே ரகம்தான்" என்றாள் நாத்தனார்.

வாய் அகலம் பத்தரை சென்டிமீட்டர்தான். நம் காபி டபரா அளவு. ஆனால் ஒரு குண்டு சுமார் 17 கிலோ! 12 கிலோமீட்டர் வரை போய் விழுமாம்.

1914 செப்டம்பர் 20 அன்று கோனிக்ஸ்பெர்க், ஸான்ஸிபார் துறைமுகத்தில் 'பெகாசஸ்' என்ற ஆங்கிலேயக் கப்பலைச் சுட்டு மூழ்கடித்தது. இரண்டே நாள் கழித்து, 22ந் தேதி ராத்திரி, எம்டன் நம் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அப்போது என் கொள்ளுப்பாட்டி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜார்ஜ் டவுனிலிருந்து ஊருக்கு ஓடினாளாம். பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1915 ஜூலையில் ருஃபீஜி ஆற்று முகத்துவாரத்தில் கோனிக்ஸ்பெர்க்கின் கதை முடிந்தது. ஆனால் பீரங்கிகளை ஜெர்மானியர் விடவில்லை. பத்தையும் வெளியே எடுத்து, தார் எஸ் ஸலாமில் பழுது பார்த்து, சக்கரம் பூட்டித் தரைச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயரும் பெகாசஸ் பீரங்கிகளை எடுத்துக் கரையில் பயன்படுத்தினார்கள். அதில் ஒன்றும் இதே கோட்டையில்தான் இருக்கிறது. கடலில் மோதிய இரண்டும் இன்று ஒரே வாசலில்!

'இத்தனை கனத்தைக் காட்டில் யார் இழுத்தது?' என்று எனக்கு ஒரே யோசனை.

திரும்பும் வழியில் நைரோபியில் பதில் கிடைத்தது. கரியோகோர் என்ற சந்தையில் நார்க்கூடை வாங்கினேன். 'கேரியர் கோர்' என்ற சுமைகூலிப் படையின் பெயர்தான் அப்படி மருவியதாம். பீரங்கி, குண்டு, மாவு மூட்டை எல்லாம் ஆப்பிரிக்க ஏழைகளின் தோளில்தான் போயிருக்கின்றன, இரு தரப்பிலும். பிரிட்டிஷ் பக்கம் மட்டும் 40,000க்கு மேல் இறந்தார்கள் என்று கணக்கு. குண்டு பட்டவர்களை விட, நோயிலும் பட்டினியிலும் போனவர்களே அதிகம். வீட்டில் காத்திருந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றினார்களோ!

பீரங்கியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இழுத்தவர்களின் நினைவாக நான் கண்டது ஒரு சந்தையின் பெயர்தான்.

சகோதரிகளே, அந்தப் பக்கம் போனால் கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் தாங்காது. குழந்தைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். அப்படியே கரியோகோரில் ஒரு கூடையும் வாங்குங்கள். என் கூடையில் இப்போது வெங்காயம் இருக்கிறது. அதைத் தூக்கும்போதெல்லாம் அவர்கள் நினைப்பு வந்துவிடுகிறது.