ஒரு மலை... மூணு வெர்ஷன்!

ஸ்விட்சர்லாந்து போயிருக்கீங்களா பாஸ்? நான் போயிருக்கேன். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது. ஃப்ரெண்டோட அண்ணன் ரூம்ல, ஒரு பழைய ப்ளே ஸ்டேஷன் 3 முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே ரோட்டுல இருநூறு தடவையாவது போய் வந்திருப்பேன்!

அந்த ரோட்டுக்குப் பெயர் ஐகர் நோர்ட்வாண்ட். வாயில் நுழையலையா? ஈஸிதான். ஜெர்மன் மொழியில் 'நோர்ட்' என்றால் வடக்கு, 'வாண்ட்' என்றால் சுவர். ஐகர் மலையின் வடக்குச் சுவர். அந்தச் சுவரின் அடிவாரத்தில், பச்சைப் புல்வெளிக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஒரு ரேஸ் ட்ராக்தான் இந்த வாரம் நாம் போகப்போகிற ரூட்.

இந்த இடத்தை மூன்று விதமாகப் பார்க்கலாம். ஒன்று, 2006-ல் வந்த டெமோ. இரண்டு, 2010-ல் வந்த முழு கேம். மூன்று, யாரும் டிசைன் பண்ணாமல் அங்கேயே நிற்கும் ஒரிஜினல் மலை. டெமோவுக்கும் ஃபைனலுக்கும் என்ன வித்தியாசம் என்று தேட ஆரம்பித்தவன், கடைசியில் மலையடிவாரத்தில் போய் நின்றேன். வாங்க, சீட் பெல்ட் போடுங்க!

முதல் ஸ்டாப்: டெமோ

'கிரான் டூரிஸ்மோ' பேரைக் கேட்காதவர்கள் கம்மி. 1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் கேம் வந்தது. பாலிஃபோனி டிஜிட்டல் கம்பெனியின் கசுனோரி யமாவுச்சிதான் இதன் பிதாமகன். கார் கம்பெனிக்காரர்களே ஆச்சரியப்படும் அளவுக்கு ஒவ்வொரு காரையும் இழைத்து இழைத்துச் செய்கிற மனுஷன். அதனாலேயே சொன்ன தேதிக்கு கேம் வராது என்பதும் உலகப் பிரசித்தம். அசைன்மென்ட் சப்மிட் பண்ணும்போது நாம் சொல்கிற அதே காரணம்தான்... "இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணலாம்னு பார்த்தேன் சார்!"

2006-ல் ப்ளே ஸ்டேஷன் 3 வரவிருந்த நேரம். அந்தச் செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் 'கிரான் டூரிஸ்மோ ஹெச்.டி.' என்ற புது கேமைக் காட்டினார்கள். அதில் இரண்டு பாகம். 'ப்ரீமியம்' பாகத்தில் புதிதாக, நுணுக்கமாகச் செய்த சில கார்கள். 'கிளாசிக்' பாகத்தில் முந்தைய கேமின் கார்களும் ட்ராக்குகளும். ஆனால், கிளாசிக்கில் ஒவ்வொரு காரையும், ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டம். அதாவது மெஸ்ஸில் சாதத்துக்கு ஒரு டோக்கன், சாம்பாருக்கு ஒரு டோக்கன், அப்பளத்துக்கு ஒரு டோக்கன்!

டிசம்பரில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. அடுத்து ஐந்தாம் பாகம்தான் என்று அறிவித்துவிட்டார்கள். கையில் தயாராக இருந்ததை மட்டும் 2006 டிசம்பர் 24 அன்று ஜப்பானில் இலவசமாகக் கொடுத்தார்கள். அதுதான் 'கிரான் டூரிஸ்மோ ஹெச்.டி. கான்செப்ட்'. யோசிச்சுப் பாருங்க... எந்த கேமுக்கு டெமோவோ, அந்த கேம் அந்தப் பெயரில் கடைசிவரை வரவே இல்லை!

அந்த டெமோவில் என்ன இருந்தது? ஒரே ஒரு ட்ராக். நம்ம ஐகர். பத்து கார்கள், போனஸாக ஒரு ஃபெராரி 599. எதிராளி யாரும் கிடையாது. நீங்கள், ரோடு, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். இத்தனை நேரத்துக்குள் ஒரு ரவுண்டு முடித்தால் அடுத்த கார் திறக்கும். முன்பக்கமாக ஓட்டி முடித்தால் அதே ட்ராக்கைத் தலைகீழ்த் திசையில் ஓட்டலாம். அப்புறம் வண்டியைச் சறுக்கவிட்டு மார்க் வாங்கும் டிரிஃப்ட். அவ்வளவுதான் சிலபஸ்!

"இது ஒரு கேமா?" என்றுதான் முதல் நாள் கேட்டேன். பத்தாவது ரவுண்டில் வளைவுகள் மனப்பாடம் ஆகின. ஐம்பதாவது ரவுண்டில் எந்த இடத்தில் ரோடு லேசாக இறங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ரோட்டை விட்டு வேறு எதையாவது பார்க்கவே நேரம் கிடைத்தது. மர வீடுகள், ஓரமாக நிற்கும் கூட்டம், எல்லாவற்றுக்கும் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சாம்பல் நிறச் சுவர். 'யாருப்பா நீ?' என்று முதல்முறையாக அந்த மலையைக் கேட்டது அப்போதுதான்.

இரண்டாவது ஸ்டாப்: ஃபைனல்

2007 டிசம்பரில் 'கிரான் டூரிஸ்மோ 5 ப்ரோலாக்' ஜப்பானில் வந்தது. இது காசு கொடுத்து வாங்கும் பெரிய சைஸ் டெமோ. ஐகரோடு லண்டன், சுசூகா, டேட்டோனா எல்லாம் சேர்ந்துகொண்டன. காரின் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கையும் மீட்டரையும் பார்த்தபடி ஓட்டும் காட்சி இதில்தான் வந்தது. தனியாக ஓடிய ரோட்டில் மற்ற கார்களும் முட்டி மோத ஆரம்பித்தன.

முழு கேம் வந்தது 2010 நவம்பரில். டெமோ வந்து கிட்டத்தட்ட நான்கு வருஷம். ஒருத்தர் இன்ஜினீயரிங் சேர்ந்து டிகிரியே வாங்கியிருக்கலாம்! ஆனால், சும்மா சொல்லக்கூடாது... ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள், எழுபதுக்கு மேல் ட்ராக் அமைப்புகள், சில இடங்களில் மழை, இரவு, இடித்தால் நசுங்கும் பாடி. டெமோவில் தடுப்பில் எவ்வளவு வேகமாக மோதினாலும் காருக்கு ஒரு கீறல்கூட விழாது. ஐகருக்கும் பழைய சுற்றுப்பாதையோடு கே, ஜி, டபிள்யூ என்று மூன்று புதுப் பாதைகள் கிடைத்தன.

அந்த ஆயிரத்திலும் ஒரு உள்குத்து உண்டு. ஆரம்பத்தில் இருநூற்றுச் சொச்சம் கார்கள் மட்டுமே உள்பக்கம் வரை முழுசாகச் செய்த 'ப்ரீமியம்'. மற்றவை முந்தைய கேம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 'ஸ்டாண்டர்டு'. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஆமா, 2006-ல் கைவிட்ட 'ப்ரீமியம் - கிளாசிக்' பிரிவினையேதான்! தனித்தனியாகக் காசு வாங்கும் திட்டம் போனது. பிரிவினை மட்டும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது. டெமோவை உற்றுப் பார்த்தால் ஃபைனலின் ஜாதகமே அதில் இருக்கும் என்பது இதைத்தான்.

ஃபைனலில் நான் ஐகரை எத்தனை தடவை ஓட்டினேன் தெரியுமா? இருபதுகூட இருக்காது. அதற்குள் லண்டன் கூப்பிட்டது, ரோம் கூப்பிட்டது, புது கார் வாங்கப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. மலை அதே இடத்தில்தான் நின்றது. பார்க்கத்தான் எனக்கு நேரமில்லை.

மூன்றாவது ஸ்டாப்: ஒரிஜினல்

இப்போ நிஜ மலைக்கு வருவோம். ஐகர், ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் ஆல்ப்ஸில் 3,967 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம்ம ஹீரோ, ஹீரோயின்கள் டூயட்டுக்கு ஓடிப் பிடித்து விளையாடிய நாடுதான். ஆனால், இந்தச் சுவருக்கு டூயட் மூஞ்சி கிடையாது. வடக்கு முகம் மட்டும் சுமார் 1,800 மீட்டர் உயரம். 'நோர்ட்வாண்ட்' என்ற பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி 'மோர்ட்வாண்ட்' என்றும் சொல்வார்கள். அர்த்தம், கொலைச் சுவர்!

1936 ஜூலையில் நான்கு இளைஞர்கள் இதில் ஏறினார்கள். நான்கு பேரும் இறந்தார்கள். கடைசியாக உயிரோடு இருந்தவர் டோனி குர்ஸ். வயது 23. கயிற்றில் தொங்கியபடி இறங்கிவந்தவருக்கு, காப்பாற்ற வந்தவர்கள் சில மீட்டர் கீழே நிற்கிறார்கள். கயிற்றில் இருந்த முடிச்சு கொக்கியில் சிக்கிக்கொண்டது. உறைந்துபோன கையால் அதை விடுவிக்க முடியவில்லை. அங்கேயே தொங்கியபடி இறந்தார். நம்மைவிட மூன்று, நான்கு வயசுதான் பெரியவர். இதைப் படித்த அன்று நான் கன்சோலை ஆன் பண்ணவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1938 ஜூலை 24 அன்று, ஹெக்மையர், ஃபோர்க், காஸ்பரெக், ஹாரர் என்ற நால்வர் அந்தச் சுவர் வழியே முதன்முறையாக உச்சியைத் தொட்டார்கள். அவர்களுக்கு மொத்தம் நான்கு நாள் ஆனது. 2015-ல் அதே வழியை ஸ்விஸ் வீரர் உய்லி ஸ்டெக் தனியாளாக ஏறி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 22 நிமிடம் 50 விநாடி! டெமோவில் நாம் ஆடியது டைம் ட்ரையல் என்றால் இதற்கு என்ன பெயர்? அவரிடம் ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது. 2017-ல் நேபாளத்தில், வேறொரு மலையில் விழுந்து இறந்தார் ஸ்டெக்.

நம்ம பசங்களுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல். குர்ஸைக் காப்பாற்றப் போனவர்கள் எந்த வழியாகப் போனார்கள் தெரியுமா? மலைக்குள் ஓடும் ரயில் சுரங்கத்தின் ஒரு திறப்பு வழியாக! அடால்ஃப் குயர் - செல்லர் என்ற தொழிலதிபரின் கனவு அந்தப் பாதை. 1896-ல் வேலை தொடங்கியது. 1899-ல் அவர் இறந்துவிட்டார். 1912-ல் பாதை முடிந்தது. ஐகரையும் பக்கத்து மலையையும் ஏழு கிலோமீட்டருக்கு மேல் குடைந்து, 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃபிராயோக் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறது. பதினாறு வருஷ ப்ராஜெக்ட், கைடே நடுவில் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தும் முடித்துவிட்டார்கள்!

அந்த ரயில் கிளம்பும் இடம் கிளைனே ஷைடெக் என்ற கணவாய். சுவருக்கு நேர் எதிரே, 2,061 மீட்டர் உயரத்தில். அங்கே போக பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். காரில் போக முடியாது. ஒரு பக்கம் கீழே இருக்கும் வெங்கன் கிராமத்தில் கார்களுக்கே அனுமதி இல்லை. நான் ஃபெராரியில் பறந்த ஊர்ப்பக்கம் நிஜத்தில் ரயில்தான் ராஜா!

இன்னொரு அதிர்ச்சி. 1955-ல் பிரான்ஸின் லே மான்ஸ் ரேஸில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஸ்விட்சர்லாந்து சர்க்யூட் ரேஸையே தடை செய்தது. 1982-ல் 'ஸ்விஸ் கிராண்ட் ப்ரீ' நடந்தது, ஆனால் பிரான்ஸில்! பல பத்தாண்டுகள் கழித்து, 2018-ல் சூரிச்சில் எலெக்ட்ரிக் கார்களின் ஃபார்முலா ஈ ரேஸுக்குத்தான் விதிவிலக்கு கிடைத்தது. ஆக, 2006-ல் ஜப்பான்காரர்கள் ஐகர் அடிவாரத்தில் போட்டது, அந்த நாடே அனுமதிக்காத ஒரு ட்ராக்.

அப்போ அந்தப் பக்கம் ரேஸே கிடையாதா? உண்டு. வெங்கனில் 1930 முதல் நடக்கும் லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் போட்டி. சுமார் நாலரை கிலோமீட்டர் சரிவு. 2013-ல் ஒரு வீரர் 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். காலில் ரெண்டு பலகையோடு, மணிக்கு 161.9! இன்ஜின் இல்லாமல் ஃபெராரி வேகம்.

கடைசி ரவுண்டு

போன மாசம் அண்ணன் சொன்னார், "கன்சோலை வித்துடப் போறேன்டா." ஃபைனல் கேம் பிரச்னை இல்லை. அதற்கு டிஸ்க் இருக்கிறது, எங்காவது செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ஐகர் ட்ராக்கேகூட தொலைந்து போகாது. 2024 ஜூலையில் ஏழாம் பாகத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால், அந்த டெமோவுக்கு டிஸ்க் கிடையாது. 2007 செப்டம்பரோடு அதை இறக்கிக்கொள்ளும் வழியையும் மூடிவிட்டார்கள். இருப்பது அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான்.

கடைசியாக ஒரு ரவுண்டு கேட்டு வாங்கினேன். பாதி வழியில் காரை ஓரங்கட்டி, மலையைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தினேன். "என்னடா பண்றே, டைம் போகுது!" என்றார் அண்ணன். "இந்தச் சுவர்லதாண்ணே டோனி குர்ஸ் தொங்கினார். உள்ளே ஏழு கிலோமீட்டருக்கு ரயில் ஓடுது" என்றேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பதினஞ்சு வருஷமா வெச்சிருக்கேன், இதை நான் பார்த்ததே இல்லையே" என்றார். அன்றைக்கு அந்த ரவுண்டை நாங்கள் முடிக்கவில்லை.

டெமோவுக்கும் ஃபைனலுக்கும் உள்ள வித்தியாசத்தை லிஸ்ட் போட்டால் ஃபைனல்தான் எல்லா வரியிலும் ஜெயிக்கும். ஆனால், ஒரு மலையை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரே ஒரு ரோடு இருந்த டெமோதான். அடுத்த முறை ஏதாவது ரேஸ் கேமில் நல்ல இடம் வந்தால், ஒரு ரவுண்டு தோற்றாலும் பரவாயில்லை, காரை நிறுத்திப் பாருங்க. அந்த ஊர் பேரைத் தேடிப் படிங்க.

அண்ணன் கன்சோலை விற்றுவிட்டாரா என்று கேட்கிறீங்களா? விற்கலை. "இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டார்!