தம்பியின் கைத்தொலைபேசி

"தங்கச்சி, பொடியன் கம்பஸ் கிடைச்சும் படிக்கிறானில்லை. எந்த நேரமும் போனும் கையும்தான்."

பெண்கள் சங்கக் கூட்டங்களில் தாய்மார் பலர் என்னிடம் இப்படிச் சொல்வதுண்டு. சமூகவியல் படித்த சமூக சேவையாளர் என்பதால் என்னிடம் உடனே பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். என் சொந்த வீட்டில் அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

2009இல் நாங்கள் மெனிக் பாம் முகாமுக்கு வந்தபோது தம்பிக்கு எட்டு வயது. அப்பாவை மாத்தளனில் இழந்துவிட்டு வந்தோம். அம்மா அப்பம் சுட்டு விற்று எங்கள் இருவரையும் படிப்பித்தார். 2021இல் தம்பி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானான். கொரோனாக் காலம் என்பதால் விரிவுரைகள் இணையவழியில் நடந்தன. அம்மா தன் காப்பை அடகு வைத்துக் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தார்.

பிறகு விரிவுரைகள் மண்டபத்துக்குத் திரும்பின. தம்பியோ போனை விட்டுத் திரும்பவில்லை. விடியப்புறம் மூன்று மணிவரை அவன் அறையில் வெளிச்சம். காலையில் பஸ்ஸை விட்டுவிடுவான். ஒப்படைகளைக் குறித்த நாளில் கொடுப்பதில்லை. வரவு போதாமல் ஒரு பாடத்தில் பரீட்சை எழுத முடியாமற் போனது.

"அம்மா அடுப்படியில வேகிறது உனக்குத் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். போனைப் பறித்து அலுமாரியில் பூட்டினேன். மூன்று நாள் அவன் யாரோடும் பேசவில்லை. புத்தகத்தையும் தொடவில்லை. போனை எடுத்துவிட்டால் படிப்புத் தானாக வந்துவிடாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதுபற்றித் தேடி வாசித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் கணினி விளையாட்டுக்கு அடிமையாதல் ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பொதுவான இணையப் பாவனை அதில் தனி நோயாக இல்லை. ஆகவே போன் பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர்.

மூளையின் 'நிறைவேற்றுத் தொழிற்பாடுகள்' பற்றியும் அறிந்தேன். இது நமக்குப் புதியதல்ல. ஒரு அடுப்பில் சோறு, மறு அடுப்பில் கறி. உப்புப் போட்டோமா என்பதை ஞாபகத்தில் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாலும் அடுப்பை விட்டு ஓடாமல் மனத்தை அடக்குகிறோம். சோறு பொங்கினால் கறியை விட்டு அங்கே திரும்புகிறோம். ஞாபகத்தில் வைத்திருத்தல், அடக்குதல், மாற்றிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும்தான் அவை. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி இதில் முக்கியமானது. அது இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

இணையத்தில் கட்டுண்ட மாணவர்களிடம் இந்தத் திறன்கள் பலவீனமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எது காரணம், எது விளைவு என்று அவற்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. நித்திரைக் குறைவும் மனத்துயரும் கூட இதே திறன்களைக் குறைக்கும்.

அந்த வரியில் நின்றேன். அன்றிரவு தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, "நித்திரை வாறேல்லையோடா?" என்று மட்டும் கேட்டேன்.

கனநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "லைற்றை நிப்பாட்டினா பங்கருக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு அக்கா. போன் பாத்தா அது வராது."

பதின்மூன்று வருடமாக நாங்கள் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் சென்றேன். வீட்டில் சில சிறு மாற்றங்கள் செய்தோம். இரவு பத்தரைக்குப் போன் அம்மாவின் அடுப்படியில் சார்ஜில் இருக்கும். அவன் அறையில் ஒரு சிறு விளக்கு எரியும். ஒப்படையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்துத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். முடித்ததை அவனே வெட்டிவிடுவான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகவில்லை. சில இரவுகளில் போன் அடுப்படியிலிருந்து காணாமற் போகும். ஆனாலும் விட்ட பாடத்தை மறுவருடம் எழுதிச் சித்தியடைந்தான்.

சகோதரிகளே, பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அவன் எப்படி நித்திரை கொள்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உங்களுக்கே இரவில் நித்திரை வராவிட்டாலும் அழையுங்கள். என் அம்மாவும் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்.