மீஸ் ஆ ழூர்

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு 'மீஸ் ஆ ழூர்' என்ற சொற்றொடர் புதிதல்ல. ஒன்றை இன்றைய தேதி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துவது என்று பொருள். பதிவேட்டில் விட்டுப்போன பதிவுகளைச் சேர்த்துச் சரிசெய்வதற்கும் அதே சொல்தான். இப்போது பிள்ளைகள் 'அப்டேட்' என்கிறார்கள். கணினித் தமிழில் 'புதுப்பிப்பு' என்று போடுகிறார்கள். அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற எனக்கு, கணினி இந்த வேலையைச் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் பழைய பதிவேடுகள்தான் நினைவுக்கு வரும்.

கணினிக்கு பிரெஞ்சில் 'ஒர்தினத்தெர்' என்று பெயர். 1955-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை கேட்டுக்கொண்டதற்காக, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் கண்டெடுத்துக் கொடுத்த சொல் அது. ஒழுங்கு செய்பவன் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. ஒழுங்கு செய்யும் அந்த இயந்திரமே ஒழுங்கு தவறினால் யார் சரிசெய்வது? சென்ற ஆண்டு (2025) செப்டம்பரில் எங்கள் தெருவில் எழுந்த கேள்வி அதுதான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். நம் ஊர் வழக்கில் சொல்தா. 2023 தொடக்கத்தில் காலமாகிவிட்டார். மகள் பாரிஸ் பக்கம் இருக்கிறாள். 2019-ல் ஊருக்கு வந்தபோது அவள் அங்கிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கணினி அது. விண்டோஸ் 10, எல்லாமே பிரெஞ்சு மொழியில். விசைப்பலகையும் பிரெஞ்சு விசைப்பலகைதான். நாம் 'ஏ' இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் 'க்யூ' இருக்கும். எண்களை அடிக்க ஷிஃப்ட்டை அழுத்த வேண்டும்.

கணவர் போன பிறகு அக்கா அதைத் திறக்கவேயில்லை. மகளோடு பேசுவதெல்லாம் போனில்தான். பென்ஷனுக்காக வருடாவருடம் பிரான்சுக்கு அனுப்ப வேண்டிய 'செர்த்திஃபிகா தெ வீ', அதாவது உயிர்வாழ் சான்று, அதோடு கேட்கப்படும் பழைய ராணுவக் காகிதங்கள், எல்லாம் அந்தக் கணினிக்குள் ஸ்கேன் செய்து கிடந்தன. அவை தேவைப்பட்டுத்தான் சென்ற செப்டம்பரில் திறந்தார். திறந்ததும் புதுப்பிப்பு தோற்றது என்று ஒரு செய்தி. மறுபடி முயன்றால் மறுபடியும் அதே செய்தி. எந்த இணையப் பக்கமும் ஒழுங்காகத் திறக்கவில்லை. கடைக்கு அனுப்பினார். திரை முழுக்க பிரெஞ்சாக இருந்ததால் அங்கிருந்த பையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஃபார்மட் பண்ணி இங்கிலீஷ் போட்டுத் தர்றேன் பாட்டி, உள்ளே இருக்கிறது போயிடும், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறான்.

அக்கா என்னிடம் வந்தார். "போனா போகட்டும் தம்பி, எல்லாம் பழைய குப்பைதானே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவரு குரல் ஒண்ணு அதுல இருக்கும். பேரனுக்கு அல்ஜீரியா கதை சொல்றப்போ பொண்ணு பதிவு பண்ணினது. அது மட்டும் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அழிக்கச் சொல்லலாமா?" என்றார்.

அழிக்க வேண்டாம் என்றேன். கணினியை எங்கள் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தோம்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு ஆட்சேபத்தோடு திரும்பி வந்தால் நாங்கள் செய்கிற முதல் வேலை, ஆட்சேபக் குறிப்பை முழுக்கப் படிப்பது. கணினியும் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புவதில்லை. செய்திக்குக் கீழே ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண்தான் ஆட்சேபக் குறிப்பு. நம்மில் பலர் அதைப் படிக்காமலேயே மூடிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்துகிறோம். ஒரு நோட்டில் தேதி, நேரம், எண், செய்த காரியம் என்று நான்கு கட்டம் போட்டுக்கொண்டேன்.

ஆனால் எண்ணைத் தேடிப் போகும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கணினி திறக்கிறது, கோப்புகள் தெரிகின்றன என்றால், வேறெதையும் தொடுவதற்கு முன் முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிட வேண்டும். பிள்ளைக்கு 1 டி.பி. டிஸ்க் ஒன்று இருந்தது. படங்கள், வீடியோக்கள், காகிதங்கள் எல்லாவற்றையும் நகலெடுக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. அந்தக் குரல் பதிவு 'பாப்பா' என்று பெயரிட்ட அடைவுக்குள் இருந்தது. பதினோரு நிமிடம். அக்காவைக் கூப்பிட்டு ஒலிக்கவிட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, "இருமல் கூட அப்படியே இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கும் கை நடுங்காமல் வேலை செய்ய முடிந்தது. என்ன ஆனாலும் அது பத்திரம்.

இனி ஆட்சேபங்களைப் பார்ப்போம்.

முதல் எண் 80072எஃப்8எஃப். இந்த எண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கணினியின் தேதியை. திரையின் மூலையில் பார்த்தேன், 2015 ஜனவரி என்று காட்டியது. கணினிக்குள் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032 என்று பெயர், 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். இரண்டரை வருடம் மூடிக் கிடந்ததில் அது தீர்ந்து போயிருக்கிறது.

தேதி தவறினால் புதுப்பிப்பு ஏன் தோற்க வேண்டும்? இணையத்தில் ஒரு கணினி இன்னொன்றோடு பத்திரமாகப் பேசும்போது, எதிர்ப்பக்கம் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். நம் கணினியோ 2015-ல் உட்கார்ந்திருக்கிறது. 2025-ல் கொடுத்த சான்றிதழை நீட்டினால், இன்னும் பிறக்காத தேதியில் கையெழுத்தா என்று திருப்பிவிடுகிறது. எந்த எழுத்தரும் அதைத்தான் செய்வார். இணையப் பக்கங்கள் திறக்காததற்கும் இதே காரணம்தான். தெரிந்த எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து புது பேட்டரி போட்டார். தேதியைச் சரிசெய்தேன். அந்த எண் மறைந்தது.

அடுத்த நாள் இரண்டாவது எண், 80070070. டிஸ்கில் இடம் போதவில்லை என்பதற்கான எண் இது. அந்தக் கணினியில் 128 ஜி.பி.தான் மொத்தமும். அதில் காலியாக இருந்தது 2 ஜி.பி.க்கும் குறைவு. புதுப்பிப்பு வந்து இறங்க ஓர் இடம், பிரித்து வைக்க ஓர் இடம், தோற்றால் பழையபடி மாற்றுவதற்காகப் பழைய கோப்புகளை வைத்துக்கொள்ள ஓர் இடம் என்று அதற்கு மூன்று அறை வேண்டும். வீடியோக்களை வெளி டிஸ்கில் நகலெடுத்திருந்தோம் அல்லவா? அந்த நகல்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டாவதாக ஒரு பென் டிரைவிலும் போட்ட பிறகே கணினியிலிருந்து நீக்கினேன். டிஸ்க் கிளீனப் என்ற வசதியைக் கொண்டு தற்காலிகக் கோப்புகளையும் துடைத்தேன். 40 ஜி.பி. காலியானது.

இங்கே ஒரு நல்ல செய்தி. இரண்டரை வருடமாக விட்டுப்போன புதுப்பிப்புகளை ஒவ்வொரு மாதமாகப் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 10-ன் மாதாந்தரப் புதுப்பிப்பு திரள் கணக்கு. கடைசி மாதத்துப் புதுப்பிப்புக்குள் முந்தைய மாதங்களுடையதும் அடங்கிவிடும்.

போட்டேன். பாதிக்கு மேல் போய் நின்றது. நீலத் திரையில் மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்ற செய்தி, அதன் கீழே 'நெத்தெஞே பா வோத்ர் ஒர்தினத்தெர்', அதாவது கணினியை அணைக்காதீர்கள். பொறுமை இழக்கிற இடம் இதுதான். முக்கால் மணி நேரம் அப்படியே சுழலும். பாதியில் சுவிட்சை அணைத்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ஆகிவிடும். யு.பி.எஸ். இருந்ததால், பத்து நிமிடம் கரண்டு போனபோதும் தப்பித்தோம்.

திரும்பி வந்தபோது மூன்றாவது எண், 80073712. இதற்குப் பொருள், புதுப்பிப்புக்குத் தேவையான உள் சரக்குக் கிடங்கிலேயே ஏதோ கோப்பு கெட்டிருக்கிறது அல்லது காணவில்லை என்பது.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் 'எத்தா சிவில்' பதிவேடு உதவும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் மூன்று பிரதிகள் எழுதப்பட்டன. ஒன்று உள்ளூரில், ஒன்று நீதிமன்றக் கிரெஃப்பில், மூன்றாவது கப்பலேறி பிரான்சுக்கு. 1776-ல் மன்னரின் ஆணைப்படி குடியேற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் வந்த ஏற்பாடு இது. அந்த மூன்றாம் பிரதிகள் இன்று எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே கரையான் தின்ற பக்கத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸிலும் அதேபோலத்தான். ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகள் முதல் பிரதி. அவை கெட்டால் எடுத்துப் போட, உள்ளேயே ஒரு கிடங்கு இரண்டாம் பிரதி. கிடங்கே கெட்டால், நிறுவனத்தின் இணையச் சேமிப்பு மூன்றாம் பிரதி. இதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. 'டிஸ்ம்' என்பது மூன்றாம் பிரதியைக் கொண்டு இரண்டாம் பிரதியைச் சரிசெய்யும். 'எஸ்.எஃப்.சி.' என்பது இரண்டாம் பிரதியைக் கொண்டு முதல் பிரதியைச் சரிசெய்யும். ஆகவே டிஸ்ம் முதலில், எஸ்.எஃப்.சி. அடுத்து. வரிசை மாறினால் கெட்ட பிரதியைப் பார்த்து நல்ல பிரதி எழுதிய கதைதான்.

கறுப்புத் திரையை 'அன்வித் தெ கொமாந்த்' என்ற பெயரில் தேடி, நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். பிரெஞ்சு விசைப்பலகையில் சாய்கோடு ஷிஃப்ட்டோடு வேறிடத்தில் இருக்கும். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன். டிஸ்ம் 62 சதவீதத்தில் வெகுநேரம் நின்றது. பலருக்கும் அந்த இடத்தில்தான் நிற்கும், காத்திருந்தால் தானே நகரும். பிறகு எஸ்.எஃப்.சி. கெட்ட கோப்புகளைக் கண்டு சரிசெய்ததாகச் சொன்னது. கணினியை அணைத்துத் திறந்து, மறுபடி புதுப்பிப்பைப் போட்டேன். இம்முறை முடிந்தது. 'மீஸ் ஆ ழூர்' ஆகிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் தோற்றிருந்தால் இன்னொரு வழி பாக்கி இருந்தது. இறங்கிய புதுப்பிப்புகள் சேரும் 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்ற அடைவு ஒன்று உண்டு. புதுப்பிப்புச் சேவைகளை நிறுத்திவிட்டு அதன் பெயரை மாற்றினால், கணினி தானே புதிதாக ஒன்றைத் தொடங்கும். அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவது நல்லது. பழைய தொகுதியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் புதுத் தொகுதி தொடங்குவது போல.

சில சமயம் நம் பக்கம் ஒரு குறையும் இராது. 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு உலகம் முழுக்கப் பலருக்கு 80070643 என்ற எண்ணோடு தோற்றது. மீட்புக்கென ஒதுக்கிய பகுதியில் 250 எம்.பி. காலி இடம் இல்லாத கணினிகளில் அப்படி நடக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. எண்ணைத் தேடிப் படித்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். படிக்காதவர்களில் எத்தனை பேர் கணினியை ஃபார்மட் செய்தார்களோ!

ஆகவே நம் வயதுக்காரர்களுக்கு என் வரிசை இது. முதலில் நகல். பிறகு எண்ணை எழுதிக்கொள்வது. பிறகு தேதி, இடம் இரண்டையும் பார்ப்பது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அதன் பிறகே டிஸ்ம், எஸ்.எஃப்.சி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி. ஃபார்மட் என்பது கோப்பையே எரிப்பது. உள்ளே இருப்பதற்கு வேறு பிரதி இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பெற ஒரு நீட்டிப்பு உண்டு. அதற்குக் கணினி 22எச்2 என்ற கடைசிப் பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். அக்காவின் கணினியை அதில் சேர்த்துவிட்டோம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை மகள் ஊருக்கு வரும்போது முடிவு செய்வாள். உயிர்வாழ் சான்றும் காகிதங்களும் தபாலில் போய்விட்டன. வெளி டிஸ்க் இப்போது அக்காவின் பீரோவில், புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. பென் டிரைவ் எங்கள் வீட்டில். இரண்டு வீட்டில் இரண்டு பிரதி. மூன்றாவதை மகள் வந்து பிரான்சுக்கு எடுத்துப் போவாள்.