ஊருக்குள்ளீங்களா, காலனிப் பக்கமுங்களா?

நாமக்கல்லில் வீடு தேடத் தொடங்கி அது மூன்றாவது வாரம். பரமத்தி சாலையில் ஒரு மாடிவீடு எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார். வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்தார். “சொந்த ஊரு எதுங்க?” ராசிபுரம் பக்கம் என்றோம். “பக்கம்னா?” ஊர்ப் பெயரைச் சொன்னோம். “ஊருக்குள்ளீங்களா, காலனிப் பக்கமுங்களா?” காலனி என்றோம். மாலையில் தரகர் போன் செய்தார்: “அவங்க சொந்தக்காரங்களே குடி வர்றாங்களாம் சார்.”

தோழர்களே, ஒருவர்கூட எங்களிடம் சாதியைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்டார்கள், குலதெய்வத்தைக் கேட்டார்கள், அப்பா பெயரைக் கேட்டார்கள். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்வியிலிருந்து அதை யார் நீக்குவது?

1913இல் நியூயார்க் போன அம்பேத்கருக்குக் கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் அறை கிடைத்தது. அறைத் தோழர் நவல் பதேனா என்ற பார்சி, கடைசிவரை நண்பர். 1917இல் அதே அம்பேத்கர் சமஸ்தான வேலைக்காகப் பரோடா போனார். தங்க இடமில்லை. பார்சிப் பெயர் ஒன்றை எழுதிக்கொடுத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. வெளியேறியவர் பூங்காவில் உட்கார்ந்து இரவு ரயிலுக்குக் காத்திருந்தார். இதை அவர் எழுதிய நூலின் பெயர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. அயல்நாட்டில் அறை கிடைத்தவர், சொந்த நாட்டில் அயலாராக நின்றார்.

நாங்களும் மறைத்தோம். “வேற எதையாவது சொல்லிக்குங்க சார், யாரு சர்டிபிகேட் பாக்கப் போறாங்க?” என்றார் தரகர். அடுத்த வீட்டில் பொய் சொல்லவில்லை. அவர்களாக ஒன்றை நினைத்துக்கொண்டார்கள், நாங்கள் திருத்தவில்லை. பாபாசாகேப் படம் பீரோவில் சேலைகளுக்கு அடியில் போனது. சாதியைப் பற்றி முதுகலை வரை படித்தும், ஊர் ஊராகப் பயிற்சி வகுப்பு எடுத்தும், எங்கள் வீட்டுச் சுவர் காலியாக இருந்தது.

நான்காம் மாதம் ஊரிலிருந்து அம்மா வந்தார். வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டாரோடு பேச வேண்டாம் என்றோம். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

அன்றிரவு படத்தை மாட்டினோம். இரண்டு வாரத்தில், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார்கள். கல்யாணம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4: தீண்டாமையைக் காரணமாக்கி ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் “சொந்தக்காரங்க வர்றாங்க” என்ற பதிலை வைத்து எதை நிரூபிப்பது? ஒரு வழி இருக்கிறது. சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் சுற்று நகரங்களிலும் தலித், முஸ்லிம், உயர்சாதிப் பெயர்களில் வாடகை வீடு கேட்டுப் பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மறுப்பு யாருக்கு என்பது வெளிச்சமானது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அதை நாம் செய்யலாம். வீடு இல்லை என்றால் வேறு சாதி நண்பரை விட்டு அதே வீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

படிக்க நகரத்துக்கு வரும் தம்பி, தங்கைகளே, மறைத்துத்தான் அறை கிடைத்தது என்றால் உங்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் எத்தனை நாள் என்று உங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைக்கவில்லை.

இப்போது லாரி பாடி கட்டும் பட்டறைகள் பக்கம் சின்ன வீட்டில் இருக்கிறோம். பகலெல்லாம் வெல்டிங் சத்தம். வீட்டுக்கார அக்கா கேட்ட ஒரே கேள்வி, தண்ணி மோட்டாரைக் காலையில் போடுவதா, சாயங்காலமா என்பதுதான். போன மாதம் அம்மா வந்து எட்டு நாள் இருந்தார், பெரும்பாலும் வாசலில்.