பென்சில் முனையில் ஒரு புதையல்

பென்சிலை அறியாத மாணவி உண்டோ? அதன் கருப்பு முனை களிமண் கலந்த கிராஃபைட்டால் ஆனது. கிராஃபைட் என்பது கார்பனின் ஒரு வடிவம். அப்பளங்களை அடுக்கி வைத்தாற்போல, ஓரணுத் தடிமனே உள்ள ஏடுகள் அதில் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. நாம் எழுதும்போது அவ்வேடுகளே நழுவித் தாளில் படிகின்றன.

அவற்றுள் ஓர் ஏட்டின் பெயர் கிராஃபீன். 2004ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை மீண்டும் மீண்டும் உரித்து அதனைப் பிரித்தனர். 2010இல் நோபல் பரிசும் பெற்றனர். இதைக் கேட்டதும் நாங்களும் இடைவேளையில் நாடாவும் பென்சிலுமாய் அமர்ந்தோம். கருமை சாம்பல் நிறமாகி மங்கியது. ஓரணு ஏடு கண்ணுக்கு எங்கே தெரியும்!

"இதனால் என்ன பயன், டீச்சர்?" என்று கேட்டோம். ஒரு கிராம் கிராஃபீனின் இருபக்கப் பரப்பும் சேர்ந்தால் சுமார் 2,600 சதுர மீட்டராம்! அதாவது ஏறத்தாழ 65 சென்ட் நிலம். மீமின்தேக்கி என்னும் கருவி மின்னூட்டத்தைப் பரப்பின்மீதே சேமிக்கிறது. ஆதலால் அது நொடிகளில் நிறையும். பல இலட்சம் முறை உழைக்கும். ஆனால் அதே எடையுள்ள லித்தியம் மின்கலத்தைவிடக் குறைவாகவே சேமிக்கும். அக்குறையைப் போக்கவே அகன்ற பரப்பைத் தேடுகின்றனர்.

மிகுதியாகச் செய்ய நாடா போதாது. கிராஃபைட்டை அமிலங்களால் ஆக்சிஜனேற்றி, நீரில் ஏடுகளாகப் பிரித்து, பின் ஆக்சிஜனை நீக்குகின்றனர். உலரும்போது ஏடுகள் மீண்டும் ஒட்டிக்கொள்வதே பெருந்தொல்லை. அப்பளத்தின் நடுவே மாவு தூவுவதுபோல, இடையில் கார்பன் நுண்குழாய்களை வைத்து அதைத் தடுக்கின்றனர்.

இத்துறைக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் பெண்மணி என்பது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. நியூயார்க்கின் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த மில்ட்ரட் டிரெசல்ஹாஸ், பள்ளி ஆசிரியையாகவே எண்ணியிருந்தார். கல்லூரியில் அவருக்குக் கற்பித்த ரோசலின் யாலோ அவரை இயற்பியலுக்குத் திருப்பினார். 1985இல் எம்.ஐ.டி.யின் மிக உயர்ந்த பேராசிரியர் பதவியைப் பெற்ற முதல் பெண் அவரே. 'கார்பன் அரசி' என உலகம் அவரைப் போற்றியது.

எங்களுள் சிலரிடம், "பிளஸ் டூ போதும்" என்று வீட்டில் கூறிவிட்டனர். அவர்களுக்காகப் பெற்றோரிடம் பேசுவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். அன்புத் தோழியரே, ஓர் ஆசிரியையின் சொல் ஓர் அரசியை உருவாக்கியது. நாமும் ஒருவருக்கொருவர் அச்சொல்லைச் சொல்வோம், தொடர்ந்து படிப்போம்!